சத்த ஆபீஸ் ராஜ்மோகன்

வில்பட்டியிலிருந்து காலை பஸ்ஸில் கொடைக்கானலுக்கு வேலைக்கு வருகிற பெண்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் ஸ்வெட்டர் காய்ந்ததாகச் சரித்திரமே கிடையாது. விஜயராணியும் அப்படித்தான். சொட்டச் சொட்ட வருவாள். பின்கட்டு ஆணியில் ஸ்வெட்டரை மாட்டிவிட்டு, விளக்குமாற்றைக் கையில் எடுப்பாள். சாயங்காலம் அதே ஈரத்தை எடுத்து மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவாள்.

ஒருநாள் சாயங்காலம் ஸ்வெட்டரை எடுத்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காய்ந்திருந்தது. காய்ந்தது மட்டுமா, அடுப்படியில் வைத்து எடுத்ததுபோல் கதகதவென்று இருந்தது. வெளியே நாள் முழுக்க மழை. ஆபீஸில் அடுப்பும் கிடையாது. மறுநாளும் அப்படியே. யாரோ கண்ணுக்குத் தெரியாமல் கூடவே இருந்து பார்த்துக்கொள்வதுபோல் அவளுக்குத் தோன்றியது. ‘முருகா, இது என்ன கூத்து’ என்று உள்ளுக்குள்ளே சொல்லிக்கொண்டாள்.

பிறகு ஒருநாள் மிஷின் ரூமைத் துடைக்கப் போனபோதுதான் கண்டுபிடித்தாள். மிஷின் முதுகுப்பக்கம் அனல்காற்று வீசுகிற இடத்தில் ஒரு கம்பியை வளைத்து, அதில் அவளுடைய ஸ்வெட்டர் பக்குவமாக விரித்துப் போடப்பட்டிருந்தது. மிஷின் பார்க்கிற ராஜ்மோகன் மேசையில் உட்கார்ந்திருந்தார். அவள் பார்த்துவிட்டதை அவரும் பார்த்தார். சட்டென்று முகத்தைத் திருப்பித் திரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அந்த மழைக்காலம் முடிகிறவரை ஸ்வெட்டர் காய்ந்துகொண்டுதான் இருந்தது.

ஊருக்குள் அந்த இடத்துக்குச் சத்த ஆபீஸ் என்று பேர். பலகையில் என்னவோ நீளமாக எழுதியிருக்கும், ஒருத்தரும் அதைச் சொல்வதில்லை. சோலைக்காட்டுக்குள் அங்கங்கே மரத்தில் மைக் கட்டிவைத்து, குருவி கத்துவது, காட்டுமாடு செருமுவது, இலையிலிருந்து பனி சொட்டுவது என்று எல்லாச் சத்தத்தையும் பிடித்துச் சேர்த்து வைக்கிறார்கள். மைக் பிடித்தது டவர் வழியாக ஆபீஸுக்கு வரும். அதைப் போட்டு வைக்க மூன்று மிஷின்கள். ஒன்று ஆபீஸில், ஒன்று ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு கல்கட்டடத்தில், இன்னொன்று வில்பட்டி ரோட்டில் ஒரு கிட்டங்கியில். மூன்றிலும் ஒரே சரக்குதான். ஒன்றில் எழுதினால் மற்ற இரண்டும் கூடவே எழுதிக்கொள்ளும். ஒன்று இடிவிழுந்து போனாலும் மற்ற இரண்டும் காப்பாற்றும் என்று கணக்கு.

இந்த மூன்றையும் பார்த்துக்கொள்வதுதான் ராஜ்மோகனுடைய சோலி. அவருடைய அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். மண்டபம் முகாமில் கொஞ்ச காலம் கிடந்துவிட்டு, இந்த மலைக்கு மரப்பட்டை உரிக்க வந்து சேர்ந்தார்கள். ராஜ்மோகன் பிறந்தது, பள்ளிக்கூடம் போனது எல்லாம் இங்கேதான். திண்டுக்கல்லில் டிப்ளமோ படித்து, கோயம்புத்தூரில் நல்ல வேலையில் இருந்தவர், அம்மாவுக்கு முடியாமல் போனதும் விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அம்மா போய்ச் சேர்ந்தபிறகும் இறங்கிப் போகவில்லை. கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை. கிருத்திகைக்குக் கிருத்திகை விரதம். காலையில் வந்ததும் மிஷின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று தாய் பார்ப்பாளே, அந்த மாதிரி.

பேச்சில் மட்டும் தோட்டத்து வாடை போகவே இல்லை. பேசுவதைக் கதைக்கிறது என்பார். டீயைத் தேத்தண்ணி என்பார். ஆபீஸ் செக்ரட்டரி சிவமுருகன் பழனிக்காரர், கிண்டல் பேர்வழி. “என்ன மோகன், மிஷின்கூட கதைச்சு முடிச்சாச்சா? எங்கூட எப்பங்க கதைப்பீங்க?” என்பார்.

“மிஷினு திருப்பிக் கிண்டல் பண்ணாதுங்க சார்” என்பார் ராஜ்மோகன், தலையைத் தூக்காமலே.

விஜயராணிக்கு இந்த ஆபீஸில் வேலை கிடைத்ததே அவள் புருஷன் சோலைமுத்துவால்தான். சோலைமுத்து போளூர்க்காரர். அந்தப் பக்கத்துக் காட்டில் கட்டியிருக்கிற மைக்குகளுக்கு அவர்தான் ஆள். மாதம் ஒருதரம் ஒவ்வொரு மரமாகப் போய், மைக்குக்குக் கரண்டு தருகிற வெயில் பலகையில் படிந்த பாசியைத் துடைப்பார், வயரை எலி கடித்திருக்கிறதா என்று பார்ப்பார். காட்டுக்குள் கால் வைக்கிறபோது யார் வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போவது அந்தப் பக்கத்து வழக்கம். சாமி இருக்கிற இடம், திருடன்போல் நுழையக் கூடாது அல்லவா? சோலைமுத்து அதை மைக்குக்கும் செய்வார். பெட்டியைத் தொடுவதற்குமுன் கும்பிட்டு, “வேலப்பா, சோலைமுத்து வந்திருக்கேன்” என்பார். ஆபீஸில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இரண்டு வருஷத்துக்குமுன் ஒரு ஆடி மாதம், காலையில் கஞ்சி குடித்துவிட்டுப் போளூர் மேட்டு மைக்குக்குப் போனவர் திரும்பவில்லை.

வனக்காவலர்கள் தேடினார்கள். ஊர் ஆட்கள் தேடினார்கள். அந்த மைக் மரத்துக்கு மேற்கே ஒரு ஒற்றையடிப் பாதை உண்டு. நடக்கத் தெம்பிருந்தால் அது கேரளா பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். அந்தப் பாதையெல்லாம் சல்லடை போட்டாயிற்று. செருப்புகூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அந்த மைக்குப் பக்கம் போக ஒருத்தரும் ஒப்பவில்லை. மைக் அதுபாட்டுக்கு மரத்தில் கிடந்தது.

ஆள் செத்துப்போனால் அழுது தீர்க்கலாம். இது அப்படியும் இல்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? கேரளாவில் ஏலத்தோட்டத்தில் யாரோ ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார் என்றார்கள். பார்த்தேன் என்று ஒருத்தன், பேசினேன் என்று இன்னொருத்தன். விஜயராணிக்கு ‘ஓடிப்போனவன் பொண்டாட்டி’ என்று பேராயிற்று. அவள் தாலியைக் கழற்றவும் இல்லை, பூ வைக்கவும் இல்லை. பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயிலுக்குப் போனால், கையைக் கூப்பிக்கொண்டு நிற்பாள். என்ன கேட்பதென்று தெரியாது. உயிரோடு இருக்கட்டும் என்று கேட்டால், தன்னை விட்டுவிட்டுப் போனது நிஜமாகிவிடும். விட்டுப் போயிருக்கக் கூடாது என்று கேட்டால், செத்துப்போனது நிஜமாகிவிடும். ஒன்றும் கேட்காமல் விபூதியைப் பூசிக்கொண்டு திரும்பிவிடுவாள்.

இப்படி இருக்கிறபோதுதான் மிஷின் முனக ஆரம்பித்தது.

முனகல் என்றால் காதுக்குக் கேட்கிற முனகல் இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்து விழும். கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். மறுபடி அதே வரி. ராஜ்மோகன் முகம் சுருங்கிப்போயிற்று. தரையைத் துடைத்துக்கொண்டிருந்த விஜயராணி கேட்டாள்.

“என்ன தம்பி, ஏதும் கோளாறா?”

“கெர்னல்னு ஒண்ணு இருக்கு அக்கா. மிஷினுக்கு உள்மனசு மாதிரி. அது எச்சரிக்கை குடுக்குது.”

“என்னன்னு?”

ராஜ்மோகன் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “எடம் கேக்குது. எடம் கேட்டேன், கெடைக்கல, திரும்பக் கேக்குறேன்னு சொல்லுது. இதையே சொல்லிக்கிட்டு இருக்கு.”

விஜயராணி துணியை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். இடம் இல்லாமல் அலைகிறது எது என்று அவளுக்கு ஒரு எண்ணம் ஓடியது.

முதலில் டிஸ்க்கில் கோளாறு என்று நினைத்து வேறு மாற்றினார். வரி வந்தது. வயரை மாற்றினார். வந்தது. மிஷினுக்கு ஞாபகசக்தி போதவில்லையோ என்று அதையும் வாங்கிக் கூட்டினார். இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு மறுபடி வந்தது. அப்புறம் மற்ற இரண்டு மிஷின்களையும் போய்ப் பார்த்தார். ஏரிக்கு அந்தப் பக்கத்து மிஷினிலும் அதே வரி. வில்பட்டி ரோட்டு மிஷினிலும் அதே வரி. எல்லாவற்றிலும் ஒரே நேரம்.

“மூணுக்கும் சேந்து காத்துகருப்பு அடிச்சிருச்சா?” என்று சிவமுருகன் சிரித்தார். சிரித்தாரே ஒழிய, அடுத்த தடவை பழனியிலிருந்து வரும்போது விபூதிப் பொட்டலத்தோடு வந்தார்.

“சார், நெத்தியில மட்டும் பூசுங்க. மூக்குல போட்றாதீங்க, உள்ள இழுத்துக்கும்” என்று ராஜ்மோகன் மிஷினுடைய காற்றோட்டப் பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டார்.

மிஷின் உள்ளே எத்தனையோ ஆயிரம் கோப்புகள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனதில், ஒரே ஒரு கோப்பு மட்டும் தாறுமாறாகச் சிதறிக் கிடந்தது. மற்ற மைக்குகளின் சத்தமெல்லாம் பெரிய பெரிய பாளமாக வந்து உட்கார்ந்திருக்க, இது மட்டும் லட்சக்கணக்கான துணுக்காக உடைந்து, டிஸ்க் முழுக்க இறைந்து கிடந்தது. எந்தத் துணுக்கு எங்கே இருக்கிறது என்கிற குறிப்பை மொத்தமாக விரித்து வைக்க இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் மிஷின் கேட்டுக்கொண்டிருந்தது.

“எடமே இல்லையா தம்பி?” என்றாள் விஜயராணி.

“எடம் இருக்கு. ஒரே வரிசையா இல்ல. கல்யாணப் பந்தியில அங்கொரு எலை இங்கொரு எலை காலியா கெடக்கு. ஆனா வந்தவங்க பூராப் பேரும் ஒண்ணாத்தான் உக்காருவோம்னு நிக்கிறாங்க. விளங்குதா அக்கா?”

“யாரு அப்படி நிக்கிறது?”

ராஜ்மோகன் கோப்பின் பேரைக் காட்டினார். “போளூர் மேட்டு மைக்கு.”

அன்று மத்தியானம் மூடுபனி கண்ணாடி ஜன்னல்வரை வந்து ஒட்டிக்கொண்டு நின்றது. ரோட்டில் போகிற வண்டிச் சத்தம்கூடப் பஞ்சில் சுற்றியதுபோல் கேட்டது. விஜயராணி வாளியோடு மிஷின் ரூமுக்குள் வந்தாள். ராஜ்மோகன் அவள் வந்ததைக் கவனிக்கவில்லை. இந்தக் கோப்பில் என்னதான் இருக்கிறது என்று, கடைசியாக வந்து சேர்ந்த துணுக்கைப் போட்டுவிட்டார்.

பனி சொட்டுகிற சத்தம். ஒரு குருவி. செருப்புக்கால் சருகில் நடக்கிற சத்தம். அப்புறம் ஒரு குரல், காதுக்குப் பக்கத்தில் வந்து சொல்வதுபோல்:

“வேலப்பா, சோலைமுத்து வந்திருக்கேன்.”

வாளி சாய்ந்து தண்ணீர் அறை முழுக்க ஓடியது. ராஜ்மோகன் பதறித் திரும்பினார். விஜயராணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இது எப்ப தம்பி? இது எப்ப வந்தது?”

ராஜ்மோகன் யோசித்துப் பதில் சொல்லியிருக்க வேண்டும். திரையில் இருந்ததை அப்படியே வாசித்துவிட்டார். “இன்னைக்கிக் காலையில.”

மனுஷருக்கு ஒரு வார்த்தை போதும். விஜயராணி அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வேறு ஆளாக இருந்தாள். வீட்டைப் பெருக்கினாள். புருஷனுடைய சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து உதறிக் கொடியில் போட்டாள். அரிசியைக் கூடப் போட்டு உலை வைத்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பேரிக்காய் மூட்டையோடு சந்தைக்குப் போகிற வழியில் வீட்டுக்கு வந்த கொழுந்தன் கந்தவேலிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“ஏலே கந்தா, ஒங்கண்ணன் பேசுறாருலே. நேத்துக் காலையில. நாங் காதால கேட்டேன்.”

கந்தவேல் மூட்டையை இறக்கி வைத்தான். முகத்தில் சந்தோஷம் வரவில்லை. “அப்ப உசுரோடதான் இருக்கான்.”

“இருக்காருலே!”

“அதான் மதினி, நான் அன்னைக்கே சொன்னேன். காட்டுக்குள்ள வந்து போறவனுக்கு வில்பட்டிக்கு வரத் தெரியாதா? மரத்துக்கிட்ட வந்து பேரு சொல்றான், பொண்டாட்டிகிட்ட வந்து சொல்ல மாட்டேங்குறான். ஒங்கள வேணாம்னுதான் இருக்கான். இனியாவது அந்தக் கயித்தக் கழட்டி வச்சிட்டு, ஒங்க சோலியப் பாருங்க.”

விஜயராணி கொடியில் கிடந்த சட்டையைப் பார்த்தாள். அதை மடிப்பதா, விடுவதா என்றுகூடத் தெரியவில்லை.

மறுநாள் வேலைக்கு வந்ததும் நேரே ராஜ்மோகனிடம் போனாள். “தம்பி, எனக்கு ஒரே ஒரு வெவரம் தெரிஞ்சாப் போதும். அவரு என்னைய விட்டுட்டுப் போனாரா, இல்லையா? அந்த மிஷினுக்குத் தெரிஞ்சா கேட்டுச் சொல்லுங்க.”

ராஜ்மோகன் தலையைக் குனிந்துகொண்டார். “அக்கா, நான் அன்னைக்குத் தப்பாச் சொல்லிப்புட்டேன்.”

அவர் சொன்னது இதுதான். போளூர் மேட்டு மைக்குக்கு வெயில் சரியாகக் கிடைப்பதில்லை, பலகையெல்லாம் பாசி. டவரும் எட்டாத தூரம். அதனால் பிடித்த சத்தத்தைத் தன் வயிற்றிலேயே வைத்துக்கொண்டு, வெயில் எட்டிப் பார்க்கிற நேரத்தில் சொட்டுச் சொட்டாக அனுப்பும். புதுசு முதலில் வரும். பழசு, வழி கிடைத்தால், எப்போதோ வரும். திரையில் இருந்தது துணுக்கு வந்து சேர்ந்த நேரம். சத்தம் பிடித்த நேரம் வேறு. அது ஒவ்வொரு துணுக்கின் தலைமாட்டிலும் ஒளிந்திருக்கிறது.

“அப்ப அது பழைய பேச்சா?”

“பழசுதான் அக்கா. ஆனா எந்தப் பழசுன்னு தெரியல. எல்லாம் கலைஞ்சு கெடக்கு. அதுக்கும் நான்தான் காரணம். இந்த ஊர் கரண்டப் பாத்துப் பயந்தே வளந்தவன் நான். வந்தத வந்தவுடனே எழுதிரு, சேத்து வைக்காதே, கரண்டு போயிட்டாப் போயிரும்னு மிஷினுக்குச் சொல்லி வச்சிட்டேன். மத்த மைக்குக்கு அது சரி. சொட்டுச் சொட்டா அனுப்புறதுக்கு அதுதான் வெனையாப் போச்சு. சொட்டுச் சொட்டாவே எழுதியிருக்கு.”

அந்த வாரமே மிஷின் ஒருதரம் நின்றுபோனது. அதோடு மற்ற இரண்டும் மூச்சுப்பேச்சில்லாமல் நின்றன. மேலிடத்திலிருந்து சிவமுருகனுக்குப் போன் வந்தது. அவர் சிரிக்காமல் வந்து சொன்னார்.

“மோகன், அந்தப் போளூர் கோப்ப அழிச்சிருங்க. அதுல காத்தும் மழையும்தான இருக்கு? அது ஒண்ணுக்காக இத்தன வருஷச் சேகரமும் போயிரும்ங்கிறாங்க. அவங்க சொல்றதும் நாயந்தானங்க.”

“நாயம்தான் சார். ரெண்டு நாள் குடுங்க. மைக்கிலேருந்து வர்றத நிப்பாட்டிட்டு, ஒவ்வொரு துண்டா வெளிய எடுத்துத் தனி டிஸ்க்குல வரிசையா வச்சிர்றேன். பொறவு இங்க அழிச்சிரலாம்.”

“எடுக்கும்போதே நின்னு போச்சுன்னா?”

“நின்னு போச்சுன்னா என்னையப் போகச் சொல்லுங்க.”

சிவமுருகன் மிஷின் ரூம் வாசலில் நின்ற விஜயராணியைப் பார்த்தார். அப்புறம், “ரெண்டு நாளுதாங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த இரண்டு நாளும் ராஜ்மோகன் நாற்காலியை விட்டு எழுந்ததாகத் தெரியவில்லை. மொத்தமாகக் கேட்டால்தானே இடம் இல்லை என்கிறது? கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டார். சிக்கெடுக்கிறபோது தலைமுடியை வேரோடு பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து சீவுவோமே, அந்த மாதிரி. ஒவ்வொரு துணுக்கின் தலைமாட்டு நேரத்தையும் பார்த்து, அது சேர வேண்டிய இடத்தில் சேர்த்தார். விஜயராணி தேத்தண்ணி கொண்டுபோய் வைப்பாள், ஆறிப்போனதை எடுத்து வருவாள். அறைக்குள் போகவே அவளுக்குக் கூசியது. அந்த மிஷினுக்குள் தன் புருஷன் துண்டு துண்டாகக் கிடக்கிறார், யாரோ ஒருத்தர் பொறுக்கிப் பொறுக்கி முழு ஆளாக ஆக்கிக்கொண்டிருக்கிறார் என்று தோன்றும். வேலப்பா, வேலப்பா என்று முணுமுணுத்துக்கொண்டே மற்ற அறைகளைக் கூட்டினாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் அவர் வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது.

“முடிஞ்சிருச்சு அக்கா. கடைசி நாளு எதுன்னு கண்டுபிடிச்சிட்டேன். நான் கேட்டுட்டேன். நீங்க கேக்கிறதுன்னா போடுறேன். வேணாம்னா நானே வாயால சொல்றேன்.”

“போடுங்க தம்பி.”

அவர் ஒரு நாற்காலியைத் துடைத்து மிஷினுக்கு எதிரே போட்டார். சத்த ஆபீஸில் விஜயராணி நாற்காலியில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

பனி சொட்டியது. சருகு மிதிபட்டது. “வேலப்பா, சோலைமுத்து வந்திருக்கேன்.” பெட்டி திறக்கிற சத்தம். துணியால் பலகையைத் தேய்க்கிற சத்தம். குழந்தையோடு பேசுவதுபோல், “இந்தா, மூஞ்சியத் தொடச்சுவிடுறேன், அசையாத... பாசியப் பாரு பாசிய.” மூச்சு வாங்கியது. ஒரு இருமல். “வெரசா முடிச்சிரணும் இன்னைக்கி. இருட்டிப்போனா ராணி வாசல்லயே நிக்கும். பனிக் காத்து அதுக்கு ஆகாது.”

விஜயராணி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

பெட்டி மூடுகிற சத்தம். அப்புறம் தேய்க்கிற சத்தம் இல்லை, குருவி இல்லை. பனி சொட்டுவதுகூட நின்றதுபோல் இருந்தது. மிஷினே மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் ஒரு அமைதி.

“யாரு?” என்றார் சோலைமுத்து.

ஒன்றும் இல்லை.

“யாரது? இங்கனதான் இருக்கேன்.” கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்கிறவர்போல் நின்றார். பிறகு, தெரிந்தவர்களுக்குப் பதில் சொல்கிற குரலில், சந்தோஷமாகவே சொன்னார். “அட, நீயா? அங்ஙனயே நில்லு. இந்தா வாறேன்.”

செருப்புச் சத்தம் நகர்ந்தது. தள்ளிப் போயிற்று. கல் உருண்டது. ஒன்றல்ல, பல கல். அதற்கப்புறம் வெகு நேரத்துக்குப் பனி சொட்டுவது மட்டும்தான்.

அறையில் மிஷின் காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை.

“கூப்பிட்டது கேக்கலையே தம்பி” என்றாள் விஜயராணி, ரொம்ப மெதுவாக.

“எனக்கும் கேக்கல அக்கா.”

“அவருக்குக் கேட்டிருக்கே.”

ராஜ்மோகன் திரைப்பக்கம் திரும்பினார். அந்த மைக்குக்கு இரண்டு காது உண்டு என்று சொன்னார், நம்மைப்போல். எந்தக் காதில் சத்தம் கூடுகிறது என்று பார்த்தால் ஆள் எந்தப் பக்கம் போனார் என்று தெரிந்துவிடும். சோலைமுத்து போனது கிழக்கே. கேரளாப் பாதை மேற்கே. கிழக்கே மரம் முடிகிற இடத்தில் தரையும் முடிந்துவிடும். கீழே பள்ளம். அந்தப் பக்கம் யாரும் தேடவில்லை. அங்கே போக ஒரு மனுஷனுக்கு என்ன காரியம் இருக்கிறது?

வனக்காவலர்கள் கயிறு கட்டி இறங்கினார்கள். கந்தவேலும் கூடப் போனான். பாறையிடுக்கில் செருப்பு ஒன்றும், பலகை துடைக்கிற துணியும், கொஞ்சம் எலும்பும், இடுப்பில் கட்டியிருந்த வெள்ளி அரைஞாணும் கிடைத்தன. அரைஞாணைப் பார்த்ததும் கந்தவேல் அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டானாம். மேலே வந்து விஜயராணியின் காலடியில் விழுந்தான். “மதினி, என் நாக்குப் புழுத்துப் போகும்” என்றான். “எந்திரிலே” என்றாள் அவள். அதற்குமேல் அவளுக்குக் கோபம் வரவில்லை.

காரியம் முறைப்படி நடந்தது. சத்த ஆபீஸிலிருந்து எல்லாரும் வந்தார்கள். ராஜ்மோகன் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு தைல மரத்தில் சாய்ந்து நின்றுவிட்டுப் போனார். காரியம் முடிந்த மறுநாள் விஜயராணி பூம்பாறைக்குப் போய், வெகு காலத்துக்குப்பிறகு வாய்விட்டு ஒன்றைக் கேட்டாள். அவரை நல்ல இடத்தில் வையப்பா என்று.

மிஷினும் அடங்கிவிட்டது. சிதறிக் கிடந்த கோப்பை எடுத்த பிறகு அந்த வரி ஒரு தடவைகூட வரவில்லை. மூன்றும் நல்ல பிள்ளைகளாக ஓடின. ஆனால் ராஜ்மோகன்தான் மாறிப்போனார். போளூர் மேட்டு மைக்கைக் கழற்றிக்கொண்டு வரச் சொன்னார், கொண்டுவந்த பிறகு அதைத் தொடவில்லை. தனி டிஸ்க்கைப் போட்டுக் காதில் மாட்டிக்கொண்டு, ஒரே இடத்தையே திரும்பத் திரும்பக் கேட்பார். பக்கத்தில் யாராவது வந்தால் நிறுத்திவிடுவார். சத்தத்தைக் கூட்டுவார், குறைப்பார், திரையில் கோடு கோடாக விரித்துப் பார்ப்பார். ஒருநாள் விஜயராணி தேத்தண்ணி கொண்டு போனபோது, காதிலிருந்ததைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். பேய் அறைந்த முகம் என்பார்களே, அப்படி.

“என்ன தம்பி?”

“ஒண்ணுமில்ல அக்கா. ஒங்க கொரலு கேட்ட மாதிரி இருந்துச்சு. நீங்க இப்ப வாசல்ல வச்சு என்னையக் கூப்பிட்டீங்களா?”

“இல்லையே. இப்பத்தான வாறேன்.”

“சரி” என்றார். அன்றைக்குப்பிறகு அவர் அந்த டிஸ்க்கை எடுத்து யாரும் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் மேலிடத்தில், மிஷின் எதற்கு, எல்லாவற்றையும் கீழே கம்பெனிக்காரன் மிஷினில் வாடகைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு பண்ணிவிட்டார்கள். மூன்று மிஷினும் லாரி ஏறின. ராஜ்மோகனுக்கு ஓசூர்ப் பக்கம் வேலை கிடைத்தது. சிவமுருகன் சால்வை போட்டார், “அங்கன போயாவது மனுஷங்ககூடக் கதைங்க” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விஜயராணி மலைப்பூண்டு ஒரு பை கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்ப வந்தாள். ராஜ்மோகன் ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். டிரைவர் ஏறிவிட்டார். கேட்பதா வேண்டாமா என்று அத்தனை நாளும் மென்று முழுங்கியதை அவள் அப்போதுதான் கேட்டாள்.

“தம்பி, அன்னைக்கி அவரக் கூப்பிட்டது யாருன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சுதா?”

பஸ் ஒரு உலுக்கு உலுக்கி நகர்ந்தது. ராஜ்மோகன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், பனி இறங்குகிற ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

“தெரியல அக்கா. தெரிஞ்சிருந்தாலும் ஒங்ககிட்டச் சொல்ல மாட்டேன்.”